மில்லிங் மெஷினின் சிவப்புப் பட்டன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது என் கண்ணெதிரே நடந்தது. ராத்திரியும் இல்லை, அமாவாசையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மதியம் மூன்று மணி. பட்டறைக் கதவு வழியாக வெயில் பாதி அறைவரை வந்து கிடந்தது.

அந்தச் சின்னப் பட்டறையை நானும் என் தங்கை வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்தினோம். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மேஜைமேல் வைத்து ஓட்டும் மில்லிங் மெஷின் ஒன்று உண்டு. மேலே கட்டர் சுழலும், கீழே கைப்பிடியைச் சுற்றினால் மேடை நகரும், இரும்பு செதுக்கப்படும். மச்சான்தான் ஓட்டுவார். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம், அவர் கழுத்தில் கிடந்த துண்டு கட்டரில் சிக்கியது. ஆள் போய்விட்டார்.

"துண்டு போடாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கைக்கெட்டுற தூரத்துல ஸ்டாப் பட்டன். பதட்டத்துல அதைக்கூட அமுக்கல" என்று விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னேன். தங்கையிடமும் அதையேதான் சொன்னேன்.

அவள் நம்பினாள். அன்று முதல் அவர் போட்டோவோடு சண்டை. "ஒரு பட்டனை அமுக்கத் தெரியலையா உனக்கு? எங்க நினைப்பு அந்த நேரத்துல வரவே இல்லையா?" பக்கத்து அறையில் உட்கார்ந்து இதை எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை.

மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, பிளக்கையும் பிடுங்கிவிட்டிருந்தேன். போன மாதம் தங்கை வந்து நின்றாள்.

"அண்ணா, நான் கம்ப்யூட்டர் டிசைன் படிச்சு முடிச்சுட்டேன். அந்த மெஷினை கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சியா மாத்திக் கொடு. நானே ஓட்டுறேன்."

"வேற ஒண்ணு பார்க்கலாமே?"

"அவர் மெஷின்தான் வேணும்."

என்ன சொல்லித் தட்டிக்கழிப்பது? சரி என்றேன்.

அதற்குத் திட்டம் போடத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். கயிற்றில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. தார்ப்பாயை எடுத்தேன். நோட்டில் எழுதினேன். மூன்று கைப்பிடிகளும் கழற்றணும். அந்த இடத்தில் மூன்று மோட்டார். பழைய திருகுத் தண்டுக்குப் பதில் பால் ஸ்க்ரூ. இனி கம்ப்யூட்டர் சொல்லும், மோட்டார் சுற்றும். கடைசி வரியாக, 'பழைய ஸ்டாப் பட்டன், வயரிங்: தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.'

ஏன் தொட வேண்டாம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தார்ப்பாய் ஓட்டைகள் வழியாக மெஷின் முழுக்கத் தூசி படிந்திருந்தது, விரல் வைத்தால் பள்ளம் விழும் அளவுக்கு. சிவப்பு ஸ்டாப் பட்டன் மட்டும் துடைத்து வைத்தது போல் பளபளத்தது. தார்ப்பாய் உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

3:25. திருகில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பார்க்க துளி அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை மேடையோடு ஒட்டிவைத்துக் குனிந்திருந்தேன்.

டக்.

எலி என்று நினைத்தேன். இந்தப் பட்டறையில் எலிக்கா பஞ்சம்!

3:31. டக்... டக்.

கேஜின் முள் இரண்டு தடவை துடித்தது. நான் கைப்பிடியைத் தொடவே இல்லை.

3:40. பிளக்கைச் சொருகி மெஷினைப் போட்டேன். பேரிங் சத்தம் கேட்கணும். கட்டர் சுற்றியது. டக்... நின்றது. கரண்டு கோளாறோ? மறுபடி போட்டேன். டக்... நின்றது.

மூன்றாவது தடவை போட்டுவிட்டு, பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பட்டன் உள்ளே போனது.

தானாக.

வெளியே வந்தது. மறுபடி உள்ளே...

பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். சத்தம் நிற்கவில்லை. டக் டக் டக் டக்... அவசரமாக... மூச்சு முட்டுகிறவன் கதவைத் தட்டுவது போல.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

அன்றைக்கும் கேட்டேன். வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே டக் டக் டக் என்றது. மச்சான் எதையோ சுத்தியால் தட்டுகிறார் என்று நினைத்து... நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் பட்டனை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். அது வேலை செய்யாது. அதற்கு நாலு நாள் முன்னால், அது அடிக்கடி மெஷினைப் பாதியில் நிறுத்துகிறதே என்று, பட்டனைத் தாண்டி ஒரு துண்டு வயரால் கரண்டை டைரக்டாகக் கொடுத்திருந்தேன். நாளைக்குப் புதுசு வாங்கிப் போடலாம், நாளைக்கு, நாளைக்கு... மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி நான். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, விசாரணைக்கு ஆள் வருவதற்குள், வயரை எடுத்துவிட்டுப் புதுப் பட்டனை மாட்டினேன்.

"மச்சான்..." என்றேன்.

சத்தம் நின்றது.

3:52.

கடைசியாக ஒரே ஒரு தடவை. மெதுவாக...

டக்.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தங்கை எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். பட்டன் பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று நான் எவ்வளவோ மழுப்பிப் பார்த்தேன். "எல்லாத்தையும் பிரிச்சுப் பாருங்க" என்றாள் அவள். அவர் பட்டனைக் கழற்றி, உள்ளே பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இது வேலைக்கு ஆகாதுங்க. உள்ள பித்தளையெல்லாம் தேஞ்சு காகிதமாயிடுச்சு. ராப்பகலா வருஷக்கணக்குல அமுக்கினாத்தான் இப்படி ஆகும்."

"இருக்காதுங்க!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். "அது புதுசு. மெஷினை மூடியே வச்சிருந்தோம், யாரும் ஒரு தடவைகூட அமுக்கல. அவர் போன அன்னைக்குச் சாயங்காலம் நான்தானே மாட்டி..."

வாயை மூடினேன். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

தங்கை அவர் கையிலிருந்து பட்டனை வாங்கினாள். கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். டக்.

"அன்னைக்கு எதுக்கு மாத்தினே, அண்ணா?"

சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவள் பட்டனை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். அந்தப் பித்தளை எப்படித் தேய்ந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. போட்டோவோடு சண்டை போடுவதை அவள் விட்டுவிட்டாள். என்னை அண்ணா என்று கூப்பிடுவதையும்.