கெப்புக்கு உள்ளே அடித்த சாம்பல் நிறம்

"வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின். வலது கதவின் உள்விளிம்பு, இரண்டாம் பூச்சு. காற்று இல்லை, தூசி இல்லை. நீலம் இப்போது எங்கும் தெரியவில்லை."

கெப்பைப் பற்றி என் குறிப்பேட்டில் உள்ள கடைசிப் பதிவு இது. எரிபொருள் வரிசைகள் ஓய்ந்ததற்கு அடுத்த வருடம் எழுதியது. மழை பெய்த நாள், பிறை கண்ட இரவு, மின்சாரம் நின்ற நேரம் என்று எல்லாவற்றையும் குறித்து வைப்பது என் வழக்கம். அடுத்த நாள் சனிக்கிழமைக்குரிய இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.

கெப் என்பது வாப்பாவின் பழைய பிக்கப் வாகனம். சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் ஏற்றி, உள்ளே இருக்கும் வயல் ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பார். அவர் கண்மூடி மௌத்தானபோது அது என் தங்கையின் வீட்டு வளவில் நின்றது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். நான் பிறந்த வீடு தங்கைக்குச் சீதனமாகப் போனது. அன்றிலிருந்து அங்கே நான் விருந்தாளி. என் மனைவி வீட்டு ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளே சிரமப்பட்டுத்தான் திரும்பும். ஆகவே கெப் நின்ற இடத்திலேயே நின்றது.

"கெப்ப நீ எடு மகன்" என்று வாப்பா ஆஸ்பத்திரியில் சொன்னார். கட்டிலருகே அப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. அவருடையது என்று எனக்கு வரக்கூடியது அது ஒன்றுதான்.

தங்கையின் கணவரிடம், என் மச்சானிடம், சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"எடுங்க மச்சான். ஆனா இந்தக் கோலத்துல ரோட்டுல கொண்டு போனா ஊர் சிரிக்கும். உள்ளுக்கு ஒருக்காப் பெயின்ட் அடிச்சிட்டு எடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. பிரதான வீதியில் நண்பர் ஒருவரின் கடைக்குப் பின்னால் நிறுத்துவதற்கு இடமும் கேட்டு வைத்தேன். பிறகு வேலையைத் தொடங்கினேன்.

பழைய வாகனம் என்பதால் உள்ளே பாதிக்கு மேல் வெறும் இரும்புதான். கண்ணாடியைச் சுற்றியுள்ள கதவு விளிம்பு, டாஷ்போர்டின் கீழ்ப்பகுதி, கூரையைத் தாங்கும் தூண்கள் எல்லாம் இரும்பு. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் இவை உப்புத் தண்ணீரில் ஊறின. துரு தெரியாமலிருக்க வாப்பா, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டை உள்ளே முழுக்கப் பூசிவிட்டார். எங்கள் ஊரில் அது புதினமில்லை. கேற், கதிரை, சைக்கிள், கோழிக்கூடு எல்லாம் வள்ளத்து நீலம்தான். ஆனால் அந்தப் பெயின்ட் உப்புத்தாளுக்கு மசியாது. உரஞ்ச உரஞ்சச் சூடாகி, பிசின் போலத் தாளில் அப்பிக்கொள்ளும். கடைசியில் தகட்டால்தான் சுரண்டினேன். நீலத்துக்கு அடியில் துரு செதில் செதிலாக இருந்தது. சுரண்டிய இரும்பைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவவில்லை. கடல் வந்த பிறகு அந்தக் கிணறு சவர், உப்புக் கரிக்கும். தின்னரால் துடைத்து, முதல் பூச்சு அடித்து, அது காய்ந்த பிறகு சாம்பல் நிறம் அடித்தேன்.

மச்சான் அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பார்.

"என்ன மச்சான், புதுப்பொண்ணுக்கு மருதோண்டி போடுற மாதிரியெல்லோ பூசுறீங்க?"

"அவசரப்பட்டா பெயின்ட் பொக்களிக்கும்."

"ஓம் ஓம், ஆறுதலாச் செய்யுங்க. நல்லா வரட்டும்."

அந்த "நல்லா வரட்டும்" அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெள்ளி மாலை வேலை முடிந்தது. கதவை மூடினால் ஈரப் பெயின்ட் ரப்பரில் ஒட்டிவிடும். திறந்தே கிடக்கட்டும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைபிடிகளைத் துலக்குவதற்காக வீட்டுக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை காலையில் வந்தபோது வளவில் கெப் இல்லை. மணலில் டயர்த் தடம் கேற் வரை போயிருந்தது.

தங்கை கிணற்றடியில் நின்றாள். மூத்தவன் என்பதால் அவளுக்கு நான் காக்கா.

"அவர் கொண்டு போயிட்டார் காக்கா. வரிப்பத்தான்சேனையில ஒராள் வாங்கியிரிக்கார்."

"உனக்குத் தெரியுமா?"

"அவரோட கதைங்க காக்கா." அவள் வாளியைக் கிணற்றில் விட்டாள்.

நான் கதைக்கும் முன்பே மச்சான் தொலைபேசியில் அழைத்தார்.

"மச்சான், அந்தக் கைபிடி உங்களிட்டயா இரிக்கி? வாங்கின ஆள் கேக்கிறார். கண்ணாடி இறக்க ஏலாம இரிக்கி."

"அது வாப்பா எனக்குச் சொன்ன வாகனம்."

"ஆருக்கு முன்னால சொன்னார்? மௌத்தான ஆள்ட சொத்து மச்சான், எல்லாருக்கும் பங்கு இரிக்கி. மார்க்கம் தெரிஞ்ச நீங்களே இப்பிடிக் கதைச்சா எப்பிடி? வித்தாத்தானே பிரிக்கலாம்."

மார்க்கச் சட்டப்படி அவர் சொன்னதில் பிழை இல்லை. வீடும் வளவும் தங்கைக்கு எழுதப்பட்ட நாளில் இந்த வீட்டில் யாரும் பங்கைப் பற்றிப் பேசியதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது தங்கையின் தலையில்தான் விழும்.

கைபிடிகளைத் துலக்கி முடித்து, செய்தித்தாளில் சுற்றி, அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பெருநாளைக்குத்தான் அந்த வளவுக்குப் போகிறேன். கதிரை போடுவார்கள். தேத்தண்ணி வரும். மச்சான் அரசியல் கதைப்பார்.

போன வருட அறுவடைக் காலத்தில் மாவடிப்பள்ளியில், கெப்பை வாங்கியவரின் ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தேன். நான் முதல் கதவைச் சுரண்டத் தொடங்கும் முன்பே விலைப்பேச்சு முடிந்துவிட்டதாம். உள்ளே பெயின்ட் அடித்துத் தருவதும் அந்தப் பேச்சில் இருந்ததாம். அவர் இதை நேரில் கேட்டவரில்லை. யாரோ சொல்லக் கேட்டவர். மச்சான் அப்படி எதுவும் இல்லை என்கிறார். வாங்கியவரைத் தேடிப்போய் நான் விசாரிக்கவில்லை. ஆகவே இந்தத் தகவல் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.