மறியல் என்ற சொல்லும் ஒரு மரத்துண்டும்

என் கோட்டுப் பையில் ஒரு மரத்துண்டு கிடக்கிறது. ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு. புலம்பெயர்ந்து வந்த நோர்பரியில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் சித்தப்பா இருந்த காலம் முழுக்க, கதவு சாத்திக்கொள்ளாமல் அடியில் செருகி வைத்திருந்தது இதைத்தான். "குளிர் வருது, சாத்துமன்" என்று அம்மா கத்துவார். "வரட்டும் அண்ணி, அதுக்கும் விசா கேக்கிறியளோ?" என்பார் அவர்.

எனக்கு அப்போது சொற்பைத்தியம். வெம்பிளியில் தமிழ்ப் பள்ளி விழாவில் பேச 'மறியல்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் மறியல் என்றால் வீதியை மறித்து உட்காருவது. எங்கள் ஊரிலோ சிறைச்சாலைதான் மறியல். வேர் ஒன்றே: மறி, போகவிடாமல் தடு. அங்கே ஆட்கள் வழியை மறிக்கிறார்கள், ஊரில் ஆட்களையே மறிக்கிறார்கள்! நானே கண்டுபிடித்தவள் போலத் துள்ளினேன். ஆனாலும் அகராதி போதவில்லை. சித்தப்பா ஊரில் இரண்டு வருடம் மறியலில் இருந்தவர். வீட்டில் யாரும் அதைக் கதைப்பதில்லை. நான் கேட்டேன்.

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "கம்பி, காவல் எல்லாம் பிறகு, பிள்ளை. கதவுக்கு உள்பக்கம் கைபிடி இல்லை. அவ்வளவுதான் மறியல்." "உனக்கெண்டுதான் சொன்னனான்" என்றும் சொன்னார். அது என் காதில் விழாமல் இல்லை. ஆனால் அந்தக் கைபிடி வாக்கியம் அவ்வளவு அழகாக இருந்தது, விட மனமில்லை.

விழாவில் அதைச் சொல்லித்தான் பேச்சை முடித்தேன். எங்கள் வீட்டு மரத்துண்டையும் சொன்னேன். கைதட்டல். மூன்றாம் வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில் சித்தப்பா. வாசலில் ஒரு அன்ரி வடைத்தட்டோடு வந்து அவரிடமே கேட்டார்: "அது நீங்களோ? ஐயோ, இன்னும் கதவு பூட்ட ஏலாதோ?"

"ஏன் ஏலாது? பூட்டுவன்" என்று சிரித்தார். ரயிலில் என்னிடம், "நல்லாக் கதைச்சாய்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கதவு சாத்தியாயிற்று. மரத்துண்டு செருப்புத் தட்டில் கிடந்தது. மன்னிப்புக் கேட்கலாமென்று போனேன். உள்ளே கைபிடி மெல்ல இறங்கி ஏறும் சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொருமுறை. பிறகும். தட்டாமலே திரும்பிவிட்டேன்.

இப்போது மனோர் பார்க்கில் தனியறை எடுத்து இருக்கிறார். நேற்று மரத்துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நான் உள்ளே வந்ததும் தானே எழுந்து கதவைச் சாத்தினார். தேத்தண்ணி தந்தார். எதிரே இருந்தவரின் கண் என் முகத்தில் இல்லை. எனக்குப் பின்னால், கைபிடியில்.

"இப்ப என்ன சொல்லைப் பிடிச்சு வைச்சிருக்கிறாய்?"

"ஒண்டுமில்லை, சித்தப்பா."

பைக்குள் என் கை மரத்துண்டை இறுக்கிப் பிடித்திருந்தது. வெளியே எடுக்கவில்லை.