அண்ணன் காரின் பின்விளக்குகள்

அண்ணனுடைய காரின் பின்விளக்குகள் இரண்டும் உடைந்துபோய் வந்த அன்று, பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது என்றுதான் அவன் சொன்னான். வாயால் அல்ல, கையால். அண்ணன் பிறவியிலேயே காது கேளாதவன். நாங்கள் சின்ன வயதிலிருந்து கைகளால்தான் பேசிக்கொள்கிறோம்.

நான் காரின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை. டிக்கி நசுங்கவில்லை. இரண்டு பக்கமும் விளக்குகள் மட்டும் நொறுங்கி, உள்ளே பல்பு மாட்டும் இடம் பள்ளமாகத் தெரிந்தது. கும்மிடிப்பூண்டியில் எல்இடி போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்கக் கோளாறு தேடிப் பழகிய கண். இடித்த லாரி பம்பரைத் தொடாமல் விளக்கை மட்டும் எப்படி உடைக்கும் என்று அவனிடம் கேட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு மேல் அவனோடு பேச வழியே இல்லை.

நடந்ததைச் சொன்னது அவனுடைய மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அண்ணிக்கும் காது கேட்காது. அந்த வீட்டில் காது கேட்கிறவள் அவள் ஒருத்திதான். அன்று மாலை அடுத்த தெருவிலிருக்கும் என் வீட்டுக்கு வந்து, சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"அத்தை, அந்த லாரிக்காரு கவரைப்பேட்டையிலேர்ந்து ஹாரன் அடிச்சிக்கினே வந்தாரு."

"நீ அப்பாகிட்ட சொல்லலியா பாப்பா?"

"தோள தட்டினேன். அப்பா கண்ணாடியில பாத்தாரு. ஓரம் போறதுக்கு எடமே இல்ல அத்தை. அந்தப் பக்கம் பைக்கா போய்க்கினு இருந்துச்சி."

பிறகு அந்த லாரி எப்படியோ முந்திப்போய்க் குறுக்கே நின்றிருக்கிறது. ஓட்டுநர் இறங்கி வந்து கத்தியிருக்கிறார். அண்ணன் கதவைத் திறந்து இறங்கி, வழக்கமாகச் செய்வதுபோல் தன் காதைத் தொட்டுக் காட்டி, கையை இல்லை என்று ஆட்டியிருக்கிறான். அந்த மனிதர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். உனக்குக் காது கேட்கவில்லையா என்று தன்னைக் கிண்டல் செய்வதாக நினைத்துவிட்டார். கன்னத்தில் அறைந்தார். அதோடு ஆத்திரம் தீராமல், லாரியிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்து வந்து இரண்டு பின்விளக்குகளையும் அடித்து உடைத்தார். பாப்பா காரை விட்டு இறங்கி ஓடிப்போய், "எங்கப்பாக்குக் காது கேக்காது, எங்கப்பாக்குக் காது கேக்காது" என்று கத்தியிருக்கிறாள்.

"அப்புறம் இன்னா பண்ணாரு?"

"கம்பிய கீழ போட்டாரு. அப்புறம் என்னாண்ட வந்து, மொதல்லயே சொல்றதில்லயான்னு கேட்டாரு."

சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நானும் கேட்பேனோ என்ற பயம் அவள் கண்ணில் இருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். தூக்கும் வயது தாண்டிய பெண் அவள். கால்கள் என் முட்டி வரை தொங்கின.

அந்தக் கார் ஒரு பழைய சியலோ. இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனியில் அண்ணன் பிரஸ் மிஷின் ஓட்டுகிறான். அங்கே மற்றவர்கள் காதில் அடைப்பு வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். அண்ணனுக்கு அந்த மிஷினின் அடி பாதம் வழியாகத் தெரியும். அவனுடைய சூப்பர்வைசர் பழைய இரும்புக்குப் போடவிருந்த காரைத்தான் அவன் வாங்கினான். ஒரு வருடம் அதைப் பிரித்துப் பிரித்து மாட்டி ஓட வைத்தான். லைசென்ஸ் வாங்குவதுதான் பெரும் பாடாக இருந்தது. டாக்டர் சர்டிபிகேட்டுக்காக நானும் அவனும் எத்தனையோ முறை திருவள்ளூருக்கு அலைந்தோம். அங்கே ஒருவர் என்னைப் பார்த்து, "ஹாரன் அடிச்சா உங்க அண்ணனுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். நான் கையால் அதைக் கேட்டேன். அவன், 'கண்ணாடி இருக்கு. நான் எப்பவும் பாத்துக்கினே இருப்பேன்' என்றான். நான் அதை வாயால் சொன்னேன். லைசென்ஸ் கிடைத்தபோது காது கேளாதவர் ஓட்டும் வண்டி என்று காட்டும் படம் ஒன்றைப் பின்கண்ணாடியில் ஒட்டினோம். அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று சாலையில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

நடந்தது தெரிந்ததும் போலீசில் சொல்லலாம் என்றேன். அண்ணன் மறுத்தான். 'அங்க நான் நிப்பேன். நீ பேசுவ. அவங்க உன்ன பாத்துதான் கேப்பாங்க. வேணாம்' என்றான்.

கார் வாசலிலேயே நின்றது. அவன் கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தான். பாப்பா காருக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டாள். தெருவில் ஏதாவது வண்டி ஹாரன் அடித்தால் ஓடிவந்து அப்பா எங்கே இருக்கிறார் என்று பார்ப்பாள். அவன் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பார்ப்பாள். அதை அண்ணி கவனித்து அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்ததும் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். 'லைட் செய்யணும். நீ போர்டு செஞ்சி குடு' என்றான்.

அந்தக் காருக்கு உதிரிபாகம் இப்போது வருவதில்லை. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியதில் இடது பக்க விளக்கு ஒன்று மட்டும் கிடைத்தது. அதுவும் வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டிருந்தது. அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டான். முழுதாகவே புதிதாகச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். நான் சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போய் சிவப்பு, மஞ்சள் எல்இடிகளும் போர்டுகளும் வாங்கி வந்தேன்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் அவர்கள் வீட்டு வாசல்தான் எங்கள் பட்டறை. அண்ணன் உடைந்த கூட்டைக் கழற்றி, சில்லுகளைப் பொறுக்கி, உள்பக்கத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தான். காரின் பின்பக்க வளைவுக்குத் தகுந்தபடி மரத்தில் ஒரு அச்சு செதுக்கினான். சிவப்பு அக்ரிலிக் தகட்டைச் சூடான காற்றடிக்கும் கருவியால் இளக்கி அந்த அச்சின் மேல் வளைத்தான். முதல் தகடு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிவிட்டது. இரண்டாவது விரிசல் விட்டது. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. நான் படியில் உட்கார்ந்து எல்இடிகளை வரிசையாகச் சாலிடர் வைத்தேன். பேட்டரி பன்னிரண்டு வோல்ட் என்றாலும் இன்ஜின் ஓடும்போது பதினாலைத் தாண்டும். அதை அப்படியே கொடுத்தால் எல்இடி சீக்கிரம் கருகிவிடும். அதனால் மின்சாரத்தை அளவாக விடும் சின்னச் சுற்று ஒன்றையும் சேர்த்தேன். சாதாரணமாக மங்கலாக எரிய வேண்டும், பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று எரிய வேண்டும். பின்னால் வருகிறவர் கண் கூசவும் கூடாது.

இண்டிகேட்டரில் ஒரு சிக்கல் வந்தது. எல்இடிக்கு மின்சாரம் கொஞ்சம்தான் தேவை என்பதால் விளக்கை விட்டு விட்டு எரியவைக்கும் பழைய ரிலே ஏமாந்துபோய், பல்பு போய்விட்டதாக நினைத்துப் படபடவென்று அடித்தது. எல்இடிக்கு ஏற்ற ரிலே வாங்கி மாட்டினோம். மாட்டியதும் அண்ணன் ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு, விரல் நுனியை அதன் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். நமக்கு டிக் டிக் என்று கேட்பது அவனுக்கு விரலில் துடித்தது. சரியாக இருக்கிறது என்று தலையாட்டினான்.

ஒரு ஞாயிறு அவன் இன்னொன்று கேட்டான். விளக்குக் கூட்டுக்குள் சின்ன மைக் ஒன்று வைக்க வேண்டும். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நீல விளக்கு எரிய வேண்டும்.

'அதுக்குத்தான் பாப்பா இருக்காளே. தட்டிச் சொல்லுவா இல்ல' என்றேன்.

அவன் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தான். 'அவள என் காதா ஆக்க வேணாம். உன்ன ஆக்கினோம். போதும்.'

ரேஷன் கடை, பாங்கு, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் அவனோடு நான் போனேன். அது எனக்குச் சுமை என்று யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. ஆனால் எனக்குப் பதிமூன்று வயதில் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அப்பா அப்போது வேலையில் இருந்தார். டாக்டர் வெளியே வந்து என்னிடம்தான் சொன்னார். பக்கத்தில் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னால் அழக்கூட முடியவில்லை. அழுதால் கை நடுங்கும், நடுங்கினால் அவனுக்குப் புரியாது. முதலில் அவனுக்குச் சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்து அழுதான். அவனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை அவனும் மறக்கவில்லை என்பது இத்தனை வருடம் கழித்து அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மைக் வாங்கிப் பொருத்தினோம்.

விளக்குகள் இரண்டையும் மாட்டிய அன்று பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். பின்னால் நின்று எரிகிறதா என்று சொல்ல ஒருவர் வேண்டும். நான் போகத் திரும்பினேன். அதற்குள் பாப்பா வீட்டுப் படியிலிருந்து இறங்கி வந்து காருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவளாகவே வந்தாள், யாரும் கூப்பிடவில்லை. அண்ணன் உள்கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பிரேக்கை மிதித்தான். அவள் முகமும் சட்டையும் சிவந்தன. இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினாள். இடது இண்டிகேட்டர் போட்டான், இடது கை. வலது போட்டான், வலது கை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தான், கைகளைக் கீழே போட்டாள். சத்தமே இல்லாமல் இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா வெளியே வந்து, "இன்னாம்மா, பாப்பா டான்ஸ் ஆடிக்கினு இருக்கு?" என்று கேட்டார். அண்ணி வாசல் தூணைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் மைக்கைச் சோதிக்க அண்ணனும் நானும் மட்டும் நெடுஞ்சாலைக்குப் போனோம். தெருமுனையைத் தாண்டும்போது ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. நீல விளக்கு எரிந்தது. அவன் முகம் மலர்ந்தது. ஹாரன் என்ற ஒன்று அவனுக்கு எட்டியது அதுதான் முதல் தடவை. ஆனால் சாலையில் ஏறியதும் விளக்கு அணையவே இல்லை. பஸ், லாரி, பைக், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள் எல்லாம் மாறி மாறி அடித்தன. எதிர்த் திசையில் வந்தவை அடித்ததற்கும் எரிந்தது. யார் யாரை எதற்காக அழைக்கிறார்கள் என்று அந்த விளக்கால் சொல்ல முடியவில்லை. என்னாலும்தான் முடியவில்லை.

அண்ணன் ஓரமாக நிறுத்தினான். நின்ற பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

'இதெல்லாம் நெசமா? இவ்ளோவா கேக்குது உங்களுக்கு?'

ஆமாம் என்றேன்.

'நாள் முழுக்கவா?'

ஆமாம் என்றேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரிப்பில் குரல் வரும், அது அவனுக்குத் தெரியாது. நானும் சிரித்தேன். பிறகு அவன் சிரிப்பு நின்றது. 'அப்போ பாப்பாவுக்கும் இவ்ளோ கேக்கும்' என்றான். கீழே குனிந்து, நீல விளக்குக்குப் போகும் வயரைப் பிடுங்கி, நுனியில் டேப் சுற்றினான்.

அதன் பிறகு ஒருநாள் ஆரணியில் இருக்கும் அண்ணியின் அம்மா வீட்டுக்குப் போகக் கிளம்பினோம். அண்ணி முன்னால் உட்கார்ந்தார். பாப்பா கதவருகில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அவளும் ஏறி என்னை ஒட்டி உட்கார்ந்தாள். பெரிய சாலைக்கு வந்ததும் சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி, பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு லாரி நெருங்கி வந்தது. நீளமாக ஹாரன் அடித்தது. அவள் விரல்கள் என் கையை இறுக்கின.

"அத்தை, அவுரு நம்ம லைட்ட பாக்குறாரா?"

"பாக்குறாரு பாப்பா. பாரு, தள்ளித்தான் வராரு."

லாரி இன்னொரு தடவை அடித்துவிட்டு, இடம் கிடைத்ததும் முந்திப் போனது. அவள் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தபோது, உள்கண்ணாடியில் மகளின் முகம் மாறியிருந்ததை அண்ணன் பார்த்துவிட்டான். ஒரு கையைத் தூக்கி, 'இன்னா?' என்று கேட்டான்.

பாப்பா என் கையை விட்டாள். 'ஒண்ணும் இல்ல' என்று கையால் சொல்லி, பளிச்சென்று சிரித்தாள். அவன் நம்பி, சாலையைப் பார்த்து ஓட்டினான். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அந்த வயதிலேயே அவள் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டாள். எந்த வயரைப் பிடுங்கினாலும் அதை நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். அண்ணனிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவளிடம் மட்டும், "பயமா இருந்தா அப்பாகிட்ட சொல்லலாம் பாப்பா, அப்பா கோவிச்சிக்க மாட்டாரு" என்றேன். "அப்பாக்கு பேஜாரா இருக்கும் அத்தை" என்றாள்.

ஆரணியில் வண்டி நின்றதும் அண்ணன் முதல் வேலையாகப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். வலது பக்க விளக்கின் உள்ளே ஈரம் கோத்து, தகடு பனி படிந்தாற்போல் மங்கியிருந்தது. தண்ணீர் இறங்காமலிருக்க நான் சிலிகான் பூசி அடைத்த மூலை அது. என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டி, 'தரம் பாக்குறவ செஞ்ச வேலையா இது?' என்று திட்டினான். பாப்பா அதற்குள் பாட்டி வீட்டுக்குள் ஓடிவிட்டாள். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, டிக்கியைத் திறந்து திருப்புளியை எடுத்தேன்.