எட்டு வீட்டு மோட்டார் சாவி

"உள்ளூர்க்காரர்போல வாழ்ந்து பாருங்கள்" என்ற வரியை எங்கே பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை எழுதியவளே நான்தான் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

தி.நகரில் ஒரு டிராவல் ஆபீசில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மகாபலிபுரம், காஞ்சிபுரம், புதுச்சேரி என்று மற்றவர்களை ஊர் சுற்ற அனுப்பி அதில் சோறு சாப்பிடுகிறேன். குடியிருப்பது மந்தைவெளியில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில், வாடகைக்கு. மொத்தம் எட்டு வீடு. லிஃப்ட் கிடையாது, படிக்கட்டில் பாதி பல்பு எரியாது, ஆனால் போர் தண்ணீர் அவ்வளவு ருசியாக இருக்கும். வீடு பார்க்க வந்த அன்றைக்கே சொந்தக்காரர் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்து, "குடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றார். குடித்தேன், வாடகை பேரம்கூடப் பேசாமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு முறை இருந்தது. மோட்டார் ரூம் சாவி ஒன்றே ஒன்று. அதில் ஒரு நீல நிற பாட்டில் மூடியைக் கோர்த்துக் கட்டியிருப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவி அடுத்த வீட்டுக்குப் போகும். யார் கையில் சாவியோ அவர்கள் காலையில் அரைமணி, சாயந்திரம் அரைமணி மோட்டார் போட வேண்டும். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஓடினாலும் எட்டு வீடும் கூடிவிடும். நடுவில் டேங்க் காலியானால் காலிதான். பக்கெட்டில் பிடித்து வைக்காதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஒருமுறை நான் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போய், மொட்டைமாடி வழிந்து தெருவெல்லாம் ஓடிற்று. ஒரு மாதத்துக்கு என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் "அலாரம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்கள்.

மானத்தை அதிகம் வாங்கியவர் மாவு அக்கா. தரைத்தளத்தில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்து வீட்டில் அவரும் வாடகைக்குத்தான் இருந்தார். கணவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அக்கா வீட்டிலேயே இரண்டு பெரிய கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்றார். சுற்றியிருக்கும் நாலு தெருவுக்கும் அவர் மாவுதான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிரைண்டர் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும். அவர் மாவில் ஒரு விசேஷம், உப்பே போட மாட்டார். "ஒரு ஊட்ல பிரஷரு, ஒரு ஊட்ல கொயந்த. அவங்கவங்க உப்பை அவங்கவங்க போட்டுக்கட்டும்" என்பார். சாவி முறையில் அக்காவுக்கு அடுத்தது நான். வாராவாரம் யாரிடமிருந்தாவது யாருக்காவது போகிற சாவி, எனக்கு மட்டும் எப்போதும் மாவு ஒட்டின கையிலிருந்துதான் வரும்.

இதை எல்லாம் கெடுத்தவள் நான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது மாடி வீட்டுக்காரர் மகளோடு இருக்க அமெரிக்கா கிளம்பினார். "வீடு சும்மா பூட்டிக் கிடக்குமேம்மா, நல்ல ஆளா இருந்தா சொல்லேன்" என்றார். அதே வாரம் எங்கள் ஆபீஸ் முதலாளி, "இப்பல்லாம் எவனும் ஹோட்டல் கேக்கறதில்ல. ஊர்க்காரங்களோட இருக்கணும், மயிலாப்பூர் பக்கமா வீடு வேணும்னு கேக்கறான்" என்று புலம்பிக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? இரண்டையும் முடிச்சுப் போட்டேன். விளம்பரத்தையும் நானே எழுதினேன். கோயிலுக்குப் பத்து நிமிட நடை, மாட வீதியில் பூவும் காய்கறியும், கீழ்வீட்டு அம்மா மாவு அரைக்கும் சத்தத்தில் கண்விழிக்கலாம். முதலாளி அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு மேசையைத் தட்டி, "இதுதான்மா டச்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் வந்தது ஒரு வயதான வெளிநாட்டுத் தம்பதி. நல்ல மனிதர்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அக்கா அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இட்லி கொடுத்தார். அவர்கள் போனபிறகு என்னிடம் வந்து சிரித்தார். "அந்த அம்மா என் கிரைண்டரைப் போட்டோ புடிச்சுகினு போவுதும்மா. இன்னாத்துக்குன்னே தெர்ல. கிரைண்டர்ல இன்னா கீது?" நானும் சிரித்தேன். அவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வருமானத்தைக் கேள்விப்பட்டு மற்ற வீட்டுக்காரர்களுக்கும் ஆசை வந்தது. வீடுகளை எடுத்து நாள் வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனி வந்தது. ஒன்றரை வருடத்தில் எட்டில் ஐந்து வீடு நாள் வாடகை அறைகளாகிவிட்டன. மிச்சம் இருந்தது அக்கா, நான், இரண்டாம் மாடியில் ரிட்டயர் ஆன ஒரு கணவன் மனைவி. கேட்டுக்கு நம்பர் பூட்டு வந்தது, வாட்ச்மேன் போனார். அறைகளைப் பெருக்கித் துடைக்க இரண்டு பெண்களுக்கு வேலை கிடைத்தது, அதை இல்லையென்று சொல்லக்கூடாது. தெருமுனை ஆட்டோக்காரர்களுக்கும் நல்ல சவாரி. "டூரிசம் பத்து பேருக்கு சோறு போடுதும்மா" என்பார் எங்கள் முதலாளி. போடுகிறது சார், எனக்கே போடுகிறது. யார் தட்டிலிருந்து எடுத்துப் போடுகிறது என்று அப்போது நான் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை அந்தக் கம்பெனி மேனேஜர் ஆள் கூட்டிவந்து மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் கருவி மாட்டினார். டேங்கில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் தானாக ஓடும், நிரம்பினால் தானாக நிற்கும். ரூமுக்குப் புதுப் பூட்டு. "இனிமே யாரும் எழுந்து வந்து சிரமப்பட வேணாம்" என்றார். உண்மையைச் சொன்னால் நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஐந்தரை மணி அலாரம் தொலைந்ததே என்று நான் அவருக்குக் காபி போட்டுக்கொடுத்தேன். காபி! இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த வாரம் சாவி அக்காவிடம் இருந்தது. அதை அவர் தூக்கிப்போடவில்லை. "என் வாரம் முடியலியே" என்று வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்தார்.

அரைமணிக் கணக்கு போனதும் தண்ணீருக்கு வரம்பே இல்லாமல் போயிற்று. ஒருவர் காலி செய்தால் படுக்கை விரிப்பு, தலையணை உறை, நாலு துண்டு, கால்மிதி எல்லாம் தோய்க்க வேண்டும். தினமும் ஐந்து அறை. வாஷிங் மெஷின் காலையிலிருந்து சாயந்திரம்வரை நிற்காது. மொட்டைமாடியில் எங்கள் கொடிகளை அவிழ்த்துவிட்டுக் கம்பெனி வெள்ளை விரிப்புகளைக் காயப்போட்டது. என் நைட்டியைக் காயப்போட இடம் கேட்டுக்கொண்டு நின்றேன், என் வீட்டு மாடியில்! ஒருநாள் பெருக்கும் பெண் கூப்பிட்டாள் என்று ஓர் அறைக்குள் போய்ப் பார்த்தேன். குளியலறையில் தொட்டி வைத்திருந்தார்கள், ஆள் படுக்கிற அளவுக்கு. அதற்கு மேலே சுவரில் பச்சை இலை படம் போட்ட அட்டை: துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் வேறு ஒன்று ஒட்டினார்கள்.

மார்கழி சீசன் முடிந்து மாசி வந்தபோது அக்காவுக்குப் புகார் வர ஆரம்பித்தது. மாவு கரிக்கிறது. "உப்பு போடாம தர்றேன்னு சொல்லிட்டுப் போடறீங்களே" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அக்கா முதலில் கணவரைத்தான் சந்தேகப்பட்டார். தெரியாமல் கைபட்டு உப்பைக் கொட்டிவிட்டார் என்று அந்த மனிதரை இரண்டு நாள் திட்டித் தீர்த்தார். அப்புறம் உப்பு ஜாடியையே எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மூன்றாம் நாளும் மாவு கரித்தது. ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி என்னிடம் வந்தார்.

"நீயே வாய்ல வச்சுப் பாரும்மா. என் மேல சத்தியமா நான் ஒரு கல் உப்பு போடல."

வைத்துப் பார்த்தேன். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எந்த டம்ளர் தண்ணீரை நம்பி இந்த வீட்டுக்கு வந்தேனோ, அதை நாக்கில் வைக்க முடியவில்லை, ஒரே உப்பு. நாளெல்லாம் உறிஞ்சியதில் போரில் கடல் தண்ணீர் ஏறிவிட்டது. கேன் தண்ணீர் வந்ததிலிருந்து போர் தண்ணீரைக் குடிப்பதையே நான் விட்டிருந்தேன். அதனால் எனக்குத் தெரியவில்லை. அரிசி ஊறவைக்கிறவருக்குத்தான் முதலில் தெரிந்தது.

அக்கா கேன் தண்ணீரில் ஊறவைத்து, கேன் தண்ணீரில் அரைத்துப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. சித்திரையில் போர் காற்றைத்தான் கக்கியது. கம்பெனி லாரி தண்ணீர் வரவழைத்து சம்ப்பில் ஊற்றியது. அதில் வரும் வாடை மாவிலும் வந்தது. நாலு தெருவில் இரண்டு தெரு பாக்கெட் மாவுக்குப் போய்விட்டது. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பழையபடி அரைமணி, அரைமணி. மழை வந்து போர் மறுபடி ஊறுகிறவரைக்கும் எல்லாரும் அளவாக எடுத்தால் தன் தொழில் பிழைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் மாடிப்படியடியில் கூட்டம் போட்டோம்.

மேனேஜர் இஸ்திரி கலையாத சட்டையில் வந்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, "சார், தொழிலே படுத்துகிச்சு. காலைல அரைமணி, சாய்ந்தரம் அரைமணி. அவ்ளோதான் கேக்குறேன்" என்றார்.

"புரியுதும்மா. ஆனா கெஸ்ட் சோப்பு போட்டு நிக்கும்போது தண்ணி நின்னா ஒரு ஸ்டார்தான் போடுவாங்க. எங்க ரேட்டிங் என்னாகறது?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "யோவ், உன் ஸ்டாரைக் கொண்டு போய்க் குப்பையில போடு! ரெண்டு நாள் இருந்துட்டுப் போறவன் தொட்டியில படுத்துக் குளிப்பான், இருபது வருஷமா இருக்கறவங்க அரிசி களையத் தண்ணி இல்லாம நிக்கணுமா? வெக்கமா இல்ல உனக்கு? யாரைக் கேட்டுய்யா இங்க வந்தீங்க?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். இரண்டாம் மாடிக்காரர்கள் மெல்ல உள்ளே போய்விட்டார்கள்.

மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. போனை எடுத்துத் தடவினார். "மேடம், முதல் கெஸ்ட்டை அனுப்பினதே உங்க ஆபீஸ்தானே? இந்த விளம்பரம் நீங்க எழுதினதுதானே? நாங்க இன்னிக்கும் அதைத்தான் போட்டிருக்கோம். 'கீழ்வீட்டு அம்மா மாவு அரைக்கும் சத்தத்தில்...' நல்லா எழுதியிருக்கீங்க மேடம்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் மேனேஜர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்தார்கள். மேடவாக்கம் தாண்டி எங்கேயோ கணவரின் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருந்தார்கள். அங்கே அக்காவின் மாவைத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. ஒரு கிரைண்டரை விற்றாயிற்று என்று பெருக்கும் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இடையில் மூன்று தடவை அவர் வாசல்வரை போய்விட்டு, பெல்லை அடிக்காமல் மேலே ஏறியிருக்கிறேன். கம்பெனிக்காரனிடம் அவ்வளவு கத்தத் தெரிந்த எனக்கு, அக்காவிடம் ஒரு வாக்கியம் சொல்லத் துப்பில்லை.

கிளம்பின அன்று ஞாயிற்றுக்கிழமை. குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் படிக்கட்டில் நின்றேன். அக்கா வந்து நீல மூடி கட்டிய சாவியை என் கையில் வைத்தார்.

"இந்தா. எனக்கு அடுத்தது நீதானே."

"அக்கா, நான்..."

"வுடும்மா. அன்னிக்கு அந்தாளு சொன்னப்போகூட, நீ இல்லன்னுதான் சொல்லுவேன்னு நின்னேன்." அவ்வளவுதான். வண்டியில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் வீட்டையும் அந்தக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. பெயின்ட் அடித்துத் தொட்டி வைத்தார்கள். எங்கள் ஆபீசும் இன்னும் போட்டுக்கொண்டிருந்த அந்த விளம்பரத்தை மாற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். முதலாளி, "நல்லாத்தானே போகுது, எதுக்கு மாத்தணும்?" என்று விட்டார்.

போன வாரம் காலையில் கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படியேறப்போனேன். வெளியூரிலிருந்து வந்த இளம் கணவன் மனைவி, தலை ஈரம் காயாமல் கேட்டருகில் நின்றிருந்தார்கள். கையில் போன். ஐந்து மணியிலிருந்து விழித்திருந்தும் கிரைண்டர் சத்தமே கேட்கவில்லையாம். அந்த மாவு அம்மா எங்கே, ஊருக்குப் போயிருக்கிறாரா என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். இந்த ஈரத்தலைகளோடு சண்டை போட வாய்வரை வார்த்தை வந்தது. போனில் என் வரிகளைப் பார்த்தேன். அந்தப் பெண் என்ன செய்வாள்?

கேனைக் கீழே வைத்தேன்.

"இல்லம்மா. நான்தான் அவங்களை அனுப்பிட்டேன்" என்றேன்.