பந்தக்காலும் கண்ணாடி நூலும்: டுரியான் துங்கால் கல்யாணப் பயணம்

மலாக்காவில் டுரியான் துங்கால் எஸ்டேட் பக்கம் போய்வர வழி கேட்டு நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். நான் முதலில் அங்கே போனது 1997இல், கூட வேலை பார்த்த சேகரின் தங்கை பரமேஸ்வரியின் கல்யாணத்துக்கு. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் வெள்ளிக்கிழமை பந்தக்கால் நடும்போது நான் இருந்தே ஆகவேண்டும் என்று சேகர் ஒற்றைக்காலில் நின்றான். வியாழன் மதியம் ஒரு மணிக்குக் கோலாலம்பூரில் பஸ் ஏறினேன்.

கட்டணம் மலேசியப் பணத்தில் ஆறு வெள்ளி எண்பது காசு, சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். மலாக்கா பஸ் நிலையத்திலிருந்து எஸ்டேட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். டாக்சிக்காரர் இருபத்தைந்து கேட்டு, என் முறைப்பைப் பார்த்துப் பதினைந்துக்கு இறங்கினார்.

"ரோடு பூரா தோண்டிப் போட்டிருக்கானுங்க லா," என்று வழியெல்லாம் புலம்பினார். "கண்ணாடி நூலாம் தம்பி. அதுக்குள்ள வெளிச்சம் ஓடுமாம், வெளிச்சத்துல பேச்சு ஓடுமாம். நம்புறீங்களா?"

எனக்கும் அப்போது நம்பிக்கை இல்லை. எஸ்டேட் முச்சந்தியில் ஆளுயர மர உருளைகளில் கறுப்பு கேபிள் சுற்றி நின்றது. டவுன் தொழிற்சாலைகளுக்கும் பேங்குகளுக்கும் போகிற லைன். அது உரசிக்கொண்டு போகிற தொழிலாளர் லைன் வீடுகளில் ஒரு போன்கூடக் கிடையாது. அவசரம் என்றால் எஸ்டேட் ஆபீசுக்குத்தான் ஓட வேண்டும். எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தக் கண்ணாடி நூலை ஒட்டுகிறவளே பரமேஸ்வரிதான் என்று வீட்டுக்குப் போனபிறகு தெரிந்தது. எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் நாலு வருடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பழகிய கண். கேபிள் காண்ட்ராக்டர் அவளைக் கூப்பிட்டு வேலை பழக்கியிருந்தார். மாப்பிள்ளை புக்கிட் காத்தில் ஊர்க்காரர். அவருக்கு ஆட்சேபனை இல்லை. அவர் அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தப் புடவை கொடுக்க வந்தவர், காப்பி குடிக்கும் முன்பே சொல்லிவிட்டார்: "கல்யாணத்துக்கு அப்புறம் ரோட்டோர வேலையெல்லாம் வேணாம்மா. எங்க வீட்டுக்குச் சரிப்படாது."

 பரமேஸ்வரியின் முகம் சுருங்கிவிட்டது. 

ஒன்பதரைக்குப் பந்தக்கால். ஐயர் காட்டிய ஈசான மூலை, வாசல் தாண்டி ரோட்டோரமாக விழுந்தது. அங்கே ஆரஞ்சு பெயிண்ட் அடித்த ஒரு கட்டை நின்றது. "யாரோ குழி போட்டே வச்சிருக்காங்கடா," என்று சேகர் அதைப் பிடுங்கி எறிந்தான். மண் இளகியிருந்தது, நல்ல சகுனம் என்றார்கள் பெண்கள். கடப்பாரையை ஓங்கி மூன்று குத்து. மஞ்சள் குங்குமம் வைத்த மூங்கில் ஜம்மென்று நின்றது. அது கேபிள் போகிற இடத்துக்கான அடையாளக் கட்டை என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

பதினோரு மணிக்கு கேபிள் சூப்பர்வைசர் மணியம் வேனில் அலறிக்கொண்டு வந்தார். "லைன் செத்துப் போச்சு! நாலு மணிக்கு டெஸ்ட்! ஒட்டுற இன்னொரு ஆளு வடக்கே அலோர் ஸ்டார்ல லீவுல இருக்கான்!" மூங்கிலையும் பிடுங்கிய கட்டையையும் பார்த்தார். சேகர் தலையில் அடித்துக்கொண்டான்.

பரமேஸ்வரி எழுந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டித் தடுத்தார். "பந்தக்கால் நட்டாச்சு. பொண்ணு பந்தலைத் தாண்டக்கூடாது."

"தாண்டல அத்தை," என்றாள் அவள். "வெட்டுப்பட்டது பந்தலுக்குள்ளதான்."

அடேயப்பா! சாயங்காலம் போட வேண்டிய பந்தலை அரை மணி நேரத்தில் போட்டு முடித்தோம். மருதாணி அரைத்த பெண்களைப் பரமேஸ்வரி தள்ளி உட்காரச் சொன்னாள். எண்ணெய்ப் பசைகூடக் கையில் படக்கூடாதாம். கல்யாண லைட்டுக்கு வந்த ஜெனரேட்டரில், மணியம் வேனில் கொண்டுவந்த ஒட்டும் மெஷின் ஓடியது. மூங்கிலை ஆட்டாமல் ஓரமாகத் தோண்டி அறுந்த முனைகளை எடுத்தோம்; பக்கத்துக் குழியில் மிச்சம் சுருட்டி வைத்திருந்த கேபிளை மணியம் இழுத்துக் கொடுத்தார். மொத்தம் பன்னிரண்டு இழை, ஒவ்வொன்றும் தலைமுடி மாதிரி. தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை நறுக்கி, மெஷினில் வைத்து ஒட்ட வேண்டும். காற்று அடித்தால் தூசி விழும். நான் ஒரு புடவையை மறைப்பாகப் பிடித்தேன். மறுமுனை தொங்குவதைப் பார்த்து, மாப்பிள்ளையின் அம்மாவே வந்து பிடித்துக்கொண்டார். மூன்று மணி நேரம், கை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கண்ணுக்கே தெரியலையே, எதை ஒட்டுறே?" என்று ஒருமுறை கேட்டார். பரமேஸ்வரி மெஷினின் சின்னத் திரையைக் காட்டினாள். இரண்டு கண்ணாடி நுனிகள் நெருங்கி, ஒரு மினுக்கில் ஒன்றாகின. அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்கு முடிந்தது. நாலு மணிக்கு லைன் உயிரோடு இருந்தது. மணியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று கிளாஸ் மோர் குடித்தார்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் பஸ்ஸில் கூட்டம், வியாழனே கிளம்புங்கள். டாக்சியில் ஏறும் முன்பே பேரம் பேசுங்கள். ரோட்டோரத்தில் கட்டை எதையும் பிடுங்காதீர்கள். எஸ்டேட்டில் யார் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் போங்கள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அன்று ஐந்தரைக்கு மறுபடி மருதாணிக் கிண்ணம் வந்தது. பரமேஸ்வரி கையை நீட்டியதும் மாப்பிள்ளையின் அம்மா கிண்ணக்காரியைத் தடுத்தார்.

"உள்ளங்கையோட நிறுத்திக்க. விரல்ல வேணாம். அடுத்த வாரம் வேலைக்குப் போற கை."