தம் வியாதியைத் தாமே கேட்டறிந்த அக்காள்

அக்காளின் தலைத்திவசத்துக்கு வந்திருந்து, சாப்பிட்டு, இந்தச் சிறு நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினருக்கும் சிநேகிதருக்கும் தம்பியின் வணக்கம். யுத்தத்தில் காகிதம் கிடைப்பது பெரும்பாடாக இருப்பதால் பக்கங்கள் குறைவு. அதுவும் நல்லதுதான். புகழ்ந்து எழுத எனக்கு வராது. தென்காசித் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இத்தனை வருஷம் எழுதியதில், நடந்ததை நடந்தபடி எழுதவே கை பழகிவிட்டது. அக்காளுக்கும் புகழ்ச்சி பிடிக்காது. யாராவது புகழ ஆரம்பித்தால், என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவார்.

அக்காள் பிறந்தது இலஞ்சியில். எங்கள் தகப்பனார் நெல் பயிரிட்டவர். தாயார் சீக்கிரமே போய்விட்டபடியால் வீட்டுப் பொறுப்பு அக்காள் தலையில் விழுந்தது. என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு விரட்டியவர் அவர்தான். தாம் படித்தது கொஞ்சம். தென்காசியிலிருந்து பெண் கேட்டு வந்தபோது ஆண்கள் வெளியே உட்கார்ந்து எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். அக்காள் எங்கள் சித்தியைக் கூப்பிட்டு, மாப்பிள்ளைக்குக் கோபம் வருமா என்று மட்டும் கேட்டு வரச் சொன்னாராம். சித்தி தயங்கித் தயங்கிப் போய்க் கேட்க, வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கோபம் வராது, பயம்தான் வரும் என்று அத்தான் தாமே பதில் சொன்னதாகக் கேள்வி. அத்தானை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு சரியான பதில் என்று தெரியும்.

தென்காசி வீட்டில் அக்காளுக்கு முதல் குழந்தை தங்கவில்லை. அடுத்து ஒரு மகள். மழை பொய்த்த வருஷங்களில் விதைநெல்லில் கை வைக்கக் கூடாது என்று அறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்புமாக வீட்டை ஓட்டினார். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நிற்பார். வேலையாட்கள் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் தாம் சாப்பிடுவார். சாப்பிட்டதும் வெற்றிலைச் செல்லத்தை எடுப்பார். வெற்றிலையோடு புகையிலையும் உண்டு. அவரிடம் குறை என்று சொன்னால் அதுதான்.

யுத்தம் தொடங்குவதற்கு முன், ஒரு சித்திரை மாதத்தில் இடது கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது. வந்த அன்றே அக்காள் சொன்னார். மறைத்து வைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. உடம்புச் சூடு என்றார்கள். நாட்டு வைத்தியர் ஒரு பொடி கொடுத்தார். ஆனியில் சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் வீடு பிடித்து, எண்ணெய் தேய்த்து, தினமும் அருவியில் குளிக்க வைத்தார்கள். உறவினர் எல்லாரும் வந்து தங்கிச் சாப்பிட்டு, சூடு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்காள், குளித்தது மனசுக்கு நன்றாக இருக்கிறது, புண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்.

ஊர் டாக்டர் வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அக்காளிடம் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். நம் குடும்பங்களில் வழக்கம் இதுதான். பெண்களின் வியாதியை டாக்டர் ஆண்களிடம் சொல்லுவார். ஆண்கள் தொழுவத்துப் பக்கம் கூடிப் பேசுவார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒன்றுமில்லை என்பார்கள். இதில் கெட்ட எண்ணம் கிடையாது. டாக்டர், இது கன்னப்புற்றாக இருக்கலாம், மலைக்கு அந்தப் பக்கம் ரேடிய ஊசி வைத்து வைத்தியம் செய்கிற ஆஸ்பத்திரி இருக்கிறது, தாமதிக்க வேண்டாம் என்றார். அத்தானும் அத்தானின் அண்ணாச்சியும் நானும், அக்காளிடம் என்ன சொல்வது என்று பேசிக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தொழுவத்தைப் பார்த்த ஜன்னலின் இரும்புக் கம்பியில் அக்காள் பித்தளைச் செம்பால் தட்டினார். மாடுகள் மிரண்டன. நாங்கள் உள்ளே போனோம்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லுததுக்கு இத்தன நேரமா? புண்ணு என் வாயிலதான இருக்கு. வெளிய நின்னு பேசாதீங்க. எம்முன்னால வந்து பேசுங்க."

அத்தான் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அழுதார். அக்காள் அவர் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, வைத்தியம் செய்யாவிட்டால் என்ன ஆகும், செய்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவர் முடிவு.

அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. பெண்பிள்ளையைக் கொண்டுபோய் வேற்று ஊரில் ஊசி குத்த விடுவதற்கு முன் சாமி உத்தரவு வேண்டும் என்றார். இலஞ்சியில் முருகன் சந்நிதியில் பூக் கட்டிப் போட்டார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்து, அர்ச்சகர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தது. வீட்டில் பலருக்கு உள்ளூர நிம்மதி என்பதை அவர்கள் முகத்தில் பார்த்தேன். போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

புண் பரவிக்கொண்டிருந்தது. காரம் பட்டால் தாங்க முடியவில்லை, அக்காள் சோற்றில் மோர் விட்டுக் கரைத்துச் சாப்பிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வண்டி பூட்டச் சொன்னார். என்னையும் கூட்டிக்கொண்டு இலஞ்சிக்குப் போனார். மறுபடி பூக் கட்டப்போகிறார் என்று நினைத்து நான் இரண்டு நிறத்திலும் பூ வாங்கி வைத்திருந்தேன். அக்காள் அதை அப்படியே தட்டில் கொட்டி அர்ச்சகரிடம் கொடுத்தார். கும்பிட்டார். திருநீறு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

வீட்டு வாசலில் அண்ணாச்சி காத்திருந்தார். எந்தப் பூ வந்தது என்று கேட்டார்.

"பூக் கட்டல. சாமிகிட்ட நான் ஒண்ணும் கேக்கல. போயிட்டு வாறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அண்ணாச்சி, கொல்லம் வண்டி எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார். அவர் இப்போது நம்மோடு இருக்கிறார், இதைப் படிப்பார். அன்று அப்படிக் கேட்டது பெரிய காரியம் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து போகிற வண்டியில் போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அறையில் இரண்டு நாற்காலிகள். பழக்க தோஷத்தில் அத்தானும் நானும் உட்கார்ந்துவிட்டோம். அக்காள் கதவோரம் நின்றார். எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் அத்தானைக் கேட்டார். அத்தான், கொஞ்ச நாளாகத்தான் என்றார். அக்காள் முன்னால் வந்து, சித்திரையில் வந்தது, முதலில் வெள்ளையாக இருந்தது, அப்புறம் சிவந்தது, எந்தப் பக்கம் வெற்றிலையை ஒதுக்குவேனோ அந்தப் பக்கம்தான் என்று வரிசையாகச் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார். அத்தான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அக்காள் வேண்டாம் என்று சொல்லவில்லை. புருஷன் நிற்க மனைவி உட்கார்ந்திருப்பதை வாசலில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். ஆனாலும் முக்கியமான விஷயங்களை என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். அக்காள், தம்பியிடம் சொன்னதைத் தம்மிடமும் சொல்ல வேண்டும் என்றார். டாக்டர் தம் கன்னத்தையே தொட்டுக் காட்டி, ஊசி எங்கே வரும், அதில் கட்டிய நூல் எங்கே தொங்கும், எப்போது எடுப்பார்கள், வலி எப்படி இருக்கும் என்று விளக்கினார். வலி இருக்காது என்று அவர் சொல்லாததால் அக்காளுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ரேடிய ஊசிகளைக் கன்னத்தில் வைத்துத் தைத்திருந்த நாட்களில் பேச முடியாது. அக்காள் கைக்கண்ணாடி ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் பார்ப்பார். செம்பையும் விடவில்லை. ஒரு மத்தியானம் நாக்கோரத்தில் ஏதோ குத்துகிறது என்று ஜாடை காட்டினார். எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும், அசையாமல் படுங்கள் என்று நர்ஸ் சொன்னாள். அக்காள் கட்டில் கம்பியில் செம்பால் தட்ட ஆரம்பித்தார். வார்டு முழுவதும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. டாக்டர் வரும்வரை நிறுத்தவில்லை. வந்து பார்த்தால் ஒரு நூல் தளர்ந்து ஊசி இடம் மாறியிருந்தது. சரி செய்தார்கள். அந்த நர்ஸ் பிற்பாடு அக்காளுக்கு நெருங்கிய சிநேகிதியானாள். ஊருக்குத் திரும்பும்போது செம்பை மறக்காமல் எடுத்து வைத்தவள் அவள்தான்.

அதன் பிறகு புண் ஆறி, அக்காளுக்கு நல்ல காலம் கிடைத்தது. வெற்றிலைச் செல்லத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார். மகள் கல்யாணத்தை முன்னின்று நடத்தினார். ஆய்க்குடியில் ஒரு உறவுப் பெண்ணுக்கு வாயில் புண் என்று கேள்விப்பட்டதும் தாமே போய் ஜன்னல் பக்கம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அவளை டாக்டரிடம் அனுப்பிவிட்டுத்தான் திரும்பினார். அவள் இன்று சௌக்கியம்.

பிறகு தாடைக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதையும் அவரேதான் கண்டுபிடித்தார். எல்லாரும் வீண் கவலை என்றார்கள். அக்காள் மூட்டை கட்டினார். அதே டாக்டர் பார்த்தார். இந்த முறை முதலிலேயே நாற்காலியை அக்காளுக்குக் காட்டினார். தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும் என்றார். அத்தான் உடனே சம்மதம் சொன்னார். அக்காள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அறுத்தால் சோறு மென்று தின்ன முடியுமா, பேசினால் பிறருக்குப் புரியுமா என்று கேட்டார். கஷ்டம் என்றார் டாக்டர்.

"அறுத்தா அடுத்த சாரலுக்கு உசிரோட இருப்பேன்னு உறுதி சொல்லுவீகளா, டாக்டரய்யா?"

உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அவர் பொய் சொல்லியிருந்தால் அக்காள் சம்மதித்திருக்கக்கூடும். அத்தானுக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு. எனக்கு இல்லை.

"அப்ப வேண்டாம். இருக்குத நாளுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன்."

அத்தான் அந்த அறையிலேயே அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அக்காள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. முடிவையும் மாற்றிக்கொள்ளவில்லை. வலி வந்தால் என்ன மருந்து, எவ்வளவு, புண் உடைந்தால் எப்படிக் கழுவிக் கட்டுவது என்று கேட்டு, கூட வந்திருந்த மகளுக்கும் அதையெல்லாம் செய்துகாட்டச் சொன்னார். திரும்பும் வழியில் வீட்டுக்குப் போகாமல் நேரே குற்றாலத்துக்கு வண்டி பிடிக்கச் சொன்னார். அருவியில் குளிக்கவில்லை. தெறிக்கிற தண்ணீர் முகத்தில் படும் தூரத்தில் நின்று, அத்தானோடு வெகுநேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் தள்ளி நின்றேன்.

கடைசி மாதங்களில் கஞ்சியும் பாலும்தான் ஆகாரம். பேச்சும் குறைந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தொழுவத்துப் பக்கம் ஒதுங்கி, எத்தனை நாள் தாங்கும் என்று எங்களைக் கேட்பார்கள். உடனே செம்புச் சத்தம் கேட்கும். உள்ளே போய் அவர் முன்னாலேயே பதில் சொல்லுவோம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுவார். சில சமயம் நாங்கள் சொன்ன கணக்கைக் குறைத்துத் திருத்துவார். சாரல் முடிந்து வடகிழக்கு மழை பிடிக்குமுன், ஒரு காலை வேளையில், மகள் தலைமாட்டில் இருக்க, அக்காளின் உயிர் பிரிந்தது. தமக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தே போனார். எனக்கு அவரைப் போல இன்னொருவர் இல்லை.

புண்ணைப் பார்த்ததும் தாமதிக்க வேண்டாம் என்ற ஊர் டாக்டருக்கும், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மலைக்கு அப்பால் உள்ள டாக்டருக்கும், அந்த நர்ஸுக்கும், முகம் சுளிக்காமல் புண் கழுவிக் கட்டிய மகளுக்கும், ஆய்க்குடியிலிருந்து வாரந்தவறாமல் இளநீர் கொண்டுவந்து கொடுத்த உறவினருக்கும், சாணமும் நீருமாக வாசலைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், இந்தத் தட்டுப்பாட்டில் காகிதம் தேடித்தந்த அச்சுக்கூடத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இந்த மலரில் அக்காள் எதனால் இறந்தார் என்று போடுவது என்பதைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. போன வாரம், வழக்கம்போலத் தொழுவத்துப் பக்கம் நின்றுதான் பேசினோம். புற்று என்று அச்சில் போட்டால் அக்காளின் பேத்திக்கு நாளை வரன் பார்க்கும்போது ஒரு பேச்சாகும், காய்ச்சல் என்று போட்டுவிடலாம் என்றார் ஒருவர். சரிதான் என்றார் இன்னொருவர். எல்லாரும் அக்காளின் ஜன்னல் பக்கம் திரும்பினோம். ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

இத்தனை வருஷமும் எங்கள் கூட்டத்தில் மறுத்து ஒரு வார்த்தை பேசாத அத்தான் முதலில் நகர்ந்தார். வாசற்படி ஏறி, அக்காளின் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கன நின்னு பேசாதீங்க. எல்லாரும் உள்ள வாங்க."

உள்ளே போனோம். கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து நான் எழுதினேன். அத்தான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காள் இறந்தது கன்னத்தில் வந்த புற்றுநோயால்.