ஒரு வாய், இரண்டு சாட்சி

ஒரே ஆள் ஒரே பொய்யை இரண்டு முறை சொன்னால் அது உண்மையாகிவிடுமா? ஆகாது என்று பட்டென்று சொல்வீர்கள். ஆனால் ஆற்றோரத் தெருவின் உயிரை இப்போது அப்படிப்பட்ட ஒரு கணக்கில்தான் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

மோட்டாரக்காவின் பட்டறை மேம்பாலத்துக்கு அடியில் நான்காவது கடை. எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றித் தருவது அவள் தொழில். வார்னிஷ் டப்பாக்களுக்கு மேலே, பலகையில், ஒன்பது வயதுக் கணினி ஒன்று மூடி கழற்றிய நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். சூடு ஏறாமலிருக்க அவள் பழுதுபார்த்த மேசை விசிறி அதைப் பார்த்தே சுழலும். வெள்ளக் கணக்குத் திட்டம் ஒன்று ஆற்றைப் பற்றிய கணக்கை லட்சம் துண்டுகளாக்கி, ஆர்வலர்களின் கணினிகளுக்கு அனுப்புகிறது. ஆறு வருடமாக அக்காவின் கணினி அந்த வேலையைச் சும்மா செய்துகொடுக்கிறது.

ஒவ்வொரு துண்டும் இரண்டு கணினிகளுக்குப் போகும். விடை ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதைக் கூப்பிடுவார்கள். ஒத்துப்போகும் இரண்டு விடைகளே வெல்லும். தோற்ற கணினிக்குத் தினப்படி வேலையைக் குறைப்பார்கள். இதில் குற்றமில்லை. கெட்டுப்போன கணினிக்குக் கடிவாளம் போடாவிட்டால் ஆயிரம் துண்டை விழுங்கி ஆயிரம் குப்பையைத் துப்பும். ஆனால் கடிவாளம் எந்தக் குதிரைக்கு என்று பார்க்க வேண்டாமா?

பெருமழை பெய்தால் ஆற்று வளைவில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கேட்டது ஒரு துண்டு. அக்காவின் கணினி நாலரை மீட்டர் என்றது. அதே துண்டை வாங்கிய இன்னொரு கணினி மூன்று என்றது. மூன்றாவதாக வந்ததும் மூன்று என்றது. வளைவைச் சேர்ந்த அடுத்தடுத்த துண்டுகளிலும் இதே கதை. நாளுக்கு எட்டுத் துண்டு வாங்கிய கணினி மூன்றே வாரத்தில் ஒன்றுக்கு இறங்கியது.

வளைவில் எழுப்பப்போகும் சுவரின் உயரத்தை இந்தக் கணக்கு சொல்லும். சுவருக்குப் பின்னால், ஆற்றோரத் தெருவின் முதல் வீடு அக்காவின் நாத்தனாருடையது. பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள், வேலை முடிந்து பட்டறைக்குள் எட்டிப்பார்த்தாள்.

"என்ன அண்ணி, உங்க செல்லப்பிள்ளை ஃபெயிலாமே?"

"ஃபெயிலானது அது இல்ல. பேப்பர் திருத்தினவன்."

"தோத்தவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"வாயாடாம இதைப் பாரு."

அக்கா திரையில் காட்டிய பட்டியலின்படி, வென்ற இரண்டு கணினிகளும் ஒரே கல்லூரிக் கூடத்தில் இருப்பவை. அங்கே நாற்பது இருந்தன. எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தவை, எல்லாவற்றிலும் பதிப்பு எண்ணின் கடைசி இலக்கம் வரை ஒரே பழைய மென்பொருள். யாரோ ஒன்றை அமைத்து, மீதி முப்பத்தொன்பதுக்கும் அதன் வன்வட்டை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். முதலாவதில் ஒரு கோளாறு இருந்தால் நாற்பதிலும் அதே கோளாறு.

அக்கா அதே துண்டை நாத்தனாரின் மருத்துவமனைக் கணினியிலும், தன் கணவர் வேலை பார்க்கும் பஸ் டிப்போ கணினியிலும் ஓட்டிப் பார்த்தாள். இரண்டும் நாலரை என்றன.

"எங்க வீட்டு ஜன்னலே அவ்வளவு உயரம் இல்லையே அண்ணி" என்றாள் நாத்தனார். அதற்குப் பிறகு அவள் கேலி செய்யவில்லை.

மறுநாள் அக்கா திட்ட நிர்வாகியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அம்மா, உங்க மெஷினுக்கு ஒன்பது வயசு. அங்க இருக்கறது எல்லாம் புதுசு."

"வயசக் கேட்டு என்ன, கல்யாணமா பேசப்போறீங்க? விடையப் பாருங்க."

"ரெண்டு விடை ஒத்துப்போனா அதுதான் சரி. சர்வர்ல அப்படித்தான் இருக்கு."

"சர்வர் தானா எழுதிக்கிச்சா?"

"நான்தான் எழுதினேன்."

"அப்ப உங்களையே கேக்கறேன். ஒரே ஆளோட ரெண்டு மெஷின் ரெண்டு சாட்சியா? ஒரு வாய்தானே ரெண்டு தடவை பேசுது?"

நிர்வாகி எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஆஸ்பத்திரி, டிப்போ ரெண்டும் உங்க பேர்லதானே பதிஞ்சிருக்கு? அதுவும் ஒரு வாய்தானேம்மா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவசரத்தில் அவள்தான் அப்படிப் பதிந்திருந்தாள்.

"சரிதான் சார், அது என் தப்பு. மாத்திடறேன். அதே சட்டம் அந்த நாற்பதுக்கும் உண்டா?"

"அது... அவங்க பெரிய எடம். முன்னாடியே பண்ணின ஏற்பாடு."

பெரிய இடம்! தண்ணீர் ஏறும்போது யார் பெரிய இடம் என்று விசாரித்துவிட்டா ஏறுகிறது? பதிவேட்டில் நல்ல பெயர் எடுத்தவன் சொல்வதைச் சோதிக்கவே வேண்டாம் என்கிற புத்திக்கு அறிவியல் என்று பெயர் வைத்தது யார்?

அக்கா விடவில்லை. கடைசியில் நிர்வாகி ஓர் ஏற்பாட்டுக்கு இறங்கிவந்தார். மாத முடிவில் வளைவுக் கணக்கை மூடிவிடுவார்கள். அதற்குள் ஐந்து வெவ்வேறு ஆட்களிடமிருந்து நாலரை என்ற விடை வந்தால் மறுபடி திறந்து பார்ப்பார்.

அன்று மாலையே நாத்தனார் மருத்துவமனைக் கணினியைத் தன் பெயரில் பதிந்து மறுபடி ஓட்டினாள். டிப்போ கணினியை அக்காவின் கணவர் தன் பெயருக்கு மாற்றினார். அக்காவோடு சேர்த்து மூன்று பேர். இன்னும் இரண்டு பேர் வேண்டும். மாதம் முடிய இருக்கிற பன்னிரண்டு நாளும் அக்காவுக்கு நாளுக்கு ஒரு துண்டுதான்.

அந்த வளைவுத் துண்டின் எண் 41207. உங்கள் வீட்டில் ஒரு கணினி சும்மா கிடந்தால், உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிந்து, அந்தத் துண்டை ஓட்டுங்கள். அக்காவை நம்பச் சொல்லவில்லை. மூன்று மீட்டர் என்று வந்தால் அதையே அனுப்புங்கள். வருகிற விடை எதுவானாலும், மாதம் முடிவதற்குள் அனுப்புங்கள்.